இருட்டு நாட்டில் லூசியா திருநாள்



விடியுமுன் எழுந்து பழகியவர்கள் நாம். பெரட்டுக்குப் போகிறவருக்கும், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டப் போகிறவருக்கும் இருட்டு புதிதல்ல. ஆனாலும் காலை ஏழு, ஏழே கால் ஆகிவிட்டால் நம் நாட்டில் வெளுத்துவிடும். மாலை ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும். மாதம் எதுவானாலும் இந்தக் கணக்கில் பெரிய மாற்றம் இல்லை. அதனால் வெளிச்சத்தை நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதே இல்லை.

ஐரோப்பாக் கண்டத்தின் வடகோடியிலுள்ள சுவீடன் நாட்டில் நிலைமை வேறு. அதன் தலைநகரான ஸ்டாக்ஹோமில் டிசம்பர் 13-ஆம் தேதியன்று காலை எட்டரை மணிக்குப் பிறகுதான் சூரியன் எழும். பிற்பகல் மூன்று மணி அடிக்குமுன் மறைந்துவிடும். பகல் என்பது ஆறு மணி நேரம். அதுவும் பெரும்பாலும் மேகம் மூடிய மங்கல் பகல். இன்னும் வடக்கே, கிருனா என்ற இரும்புச் சுரங்க ஊரில், அந்தச் சமயத்தில் ஏறத்தாழ மூன்று வாரத்துக்குச் சூரியன் தலைகாட்டுவதே இல்லை. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போய் இருட்டில் வீடு திரும்புவார்கள்.

அந்த 13-ஆம் தேதி காலையில்தான் அங்கே வீடுகளில் ஒரு திருநாள் நடக்கிறது. அதற்குப் புனித லூசியா திருநாள் என்று பெயர். வீட்டில் எல்லாரும் தூங்கும்போது மூத்த பெண் எழுந்துகொள்கிறாள். கால்வரை தொங்கும் வெள்ளை அங்கி அணிந்து, இடுப்பில் சிவப்புப் பட்டுநாடா கட்டிக்கொள்கிறாள். தலையில் பச்சை இலைக்கொத்தால் கட்டிய வளையம் வைத்து, அதில் மெழுகுத்திரிகளை ஏற்றிக்கொள்கிறாள். தம்பி தங்கைகள் ஆளுக்கொரு விளக்குடன் பின்னால் வருகிறார்கள். சூடான காப்பியும் மஞ்சள் நிற ரொட்டியும் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு, பாடியபடியே அம்மா அப்பா படுத்திருக்கும் அறைக்குள் போகிறார்கள். பெற்றவர்கள் கண்விழிக்கும்போது முதலில் தெரிவது அந்தச் சுடர்கள்தாம்.

இவ்வளவுதான் திருநாள். புதுத்துணிக் கடைக்குப் போவதில்லை. பரிசுப் பொருள் வாங்குவதில்லை. இந்தச் சிறு வழக்கத்துக்குப் பின்னால் இருப்பவை பல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த இருட்டைப் பார்ப்போம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் ஓர் ஈர்க்கையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழத்தின் நடுவே ஈர்க்கைக் குத்தி, மேசை விளக்குக்குப் பக்கவாட்டில் பிடிக்கட்டும். விளக்குதான் சூரியன், பழம்தான் பூமி. ஈர்க்கை நேராக நிறுத்தாமல், அதன் மேல்நுனி விளக்கைவிட்டு விலகும்படி கொஞ்சம் சாய்க்க வேண்டும். பூமியின் உண்மையான சாய்வு ஏறத்தாழ 23½ டிகிரி. இப்போது பழத்தின் மேல்நுனிக்கு அருகே ஒரு மைப்புள்ளியும், வயிற்றுப் பகுதியில் ஒரு மைப்புள்ளியும் வைத்து மெதுவாகச் சுழற்றினால் விஷயம் கண்ணுக்கே தெரியும். வயிற்றிலுள்ள புள்ளி பாதி நேரம் வெளிச்சத்திலும் பாதி நேரம் நிழலிலும் போகிறது. அது நாம் இருக்கும் இடம். மேலே உள்ள புள்ளியோ பெரும்பாலும் நிழலிலேயே சுற்றுகிறது. அதுதான் டிசம்பர் மாதத்துச் சுவீடன். ஆறு மாதம் கழித்துப் பூமி சூரியனுக்கு மறுபக்கம் போனதும் அதே சாய்வு அவர்களுக்கு நீண்ட பகலைக் கொடுக்கிறது.

ஆண்டிலேயே நீண்ட இரவு டிசம்பர் 21 அல்லது 22-இல் வருகிறது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த பிள்ளைகள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள். அப்படியானால் 13-ஆம் தேதிக்கு என்ன சிறப்பு?

நல்ல கேள்விதான். பழைய ஐரோப்பாவில் ஜூலியன் நாட்காட்டி வழங்கிவந்தது. அதன் ஆண்டு, உண்மையான சூரிய ஆண்டைவிடப் பதினொரு நிமிடம் போல நீளம். பதினொரு நிமிடம் என்ன பெரிய கணக்கு என்று தோன்றும். ஆனால் 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகச் சேர்ந்துவிடும். இப்படிச் சேர்ந்து சேர்ந்து, 14-ஆம் நூற்றாண்டில் நீண்ட இரவு நாட்காட்டியில் டிசம்பர் 13-ஐ ஒட்டியே விழுந்தது. பிறகு போப் பதின்மூன்றாம் கிரகோரியார் 1582-இல் அதைத் திருத்தினார். அந்த ஆண்டு அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. சுவீடன் 1753 வரை காத்திருந்து, பிப்ரவரி 17-க்கு மறுநாளை மார்ச் 1 என்று வைத்துக்கொண்டது. நாட்காட்டி திருந்தியது, மக்கள் மனத்தில் பதிந்த நாள் மாறவில்லை. லூசியா இரவுதான் நீண்ட இரவு என்ற எண்ணம் அப்படியே நின்றுவிட்டது.

இனி, லூசியா யார் என்று பார்ப்போம். அவர் சுவீடன் நாட்டவர் அல்லர். இத்தாலியின் தெற்கே கடல் நடுவில் இருக்கும் சிசிலித் தீவில், சிராகூசா என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். ரோமப் பேரரசர் தியோக்கிளேத்தியன் கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய காலத்தில், கி.பி. 304-இல் கொல்லப்பட்டார் என்பது வழிவழி வரும் செய்தி. அவரைப் பற்றி வரலாறு சொல்வது கொஞ்சம்; கதை சொல்வது அதிகம். இருந்தாலும் அந்த ஊரில் அவர் நினைவு மிகப் பழையது. சிராகூசாவின் நிலவறைக் கல்லறையில் 1894-இல் ஒரு கிரேக்கக் கல்வெட்டு கிடைத்தது. யூஸ்கியா என்ற பெண் லூசியாவின் திருநாளன்று இறந்தாள் என்று அவள் கணவன் பொறித்து வைத்த கல் அது. அப்படியென்றால் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊரார் இந்த நாளைக் கொண்டாடியிருக்கிறார்கள். உலகெங்கும் கத்தோலிக்கர் திருப்பலியில் சொல்லும் பழைய ரோமை நன்றி மன்றாட்டிலும் லூசியாவின் பெயர் இருக்கிறது. நம் தோட்டங்களிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள்.

கதை இப்படிப் போகிறது. லூசியாவின் தந்தை இளமையிலேயே இறந்துபோனார். தாய் யூத்திக்கியாவுக்குப் பல ஆண்டுகளாக உதிரப்போக்கு நோய். தாயும் மகளும் கத்தானியா ஊருக்குப் போய்ப் புனித ஆகத்தாவின் கல்லறையில் வேண்டிக்கொள்ள, நோய் தீர்ந்தது. அப்போது மகள் தாயிடம் ஒன்று கேட்டாள். தன் கல்யாணத்துக்காக ஒதுக்கி வைத்த வரதட்சணைச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றாள். சாகும்போது கொடுப்பதெல்லாம் கொண்டுபோக முடியாததால் கொடுப்பது; உயிரோடிருக்கும்போது கொடுப்பதுதான் கொடை என்பது அவள் வாதம். தாய் இணங்கினாள். சொத்து கரைவதைக் கண்ட மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தது. அவனே போய், இவள் கிறிஸ்தவள் என்று அதிகாரியிடம் காட்டிக்கொடுத்தான். பெண்ணைவிடச் சீர்ப்பணத்தை விரும்பிய மாப்பிள்ளை அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறான், பாருங்கள்.

பிற்காலத்தில் இந்தக் கதையோடு இன்னொரு செய்தியும் சேர்ந்தது. ஒளிந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களுக்கு லூசியா நிலவறைகளுக்குள் உணவு கொண்டுபோனாளாம். உள்ளே கும்மிருட்டு. ஒரு கையில் விளக்கைப் பிடித்தால் ஒரு கைச் சோறுதான் கொண்டுபோக முடியும். ஆகவே விளக்குகளைத் தலையில் வளையமாக வைத்துக்கொண்டு இரண்டு கையிலும் உணவை ஏந்திப் போனாளாம். சுவீடன் பெண்ணின் தலையில் இருக்கும் மெழுகுத்திரி வளையத்துக்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். நகரத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையை மரத்தில் வைத்து மறு கையில் உளி பிடித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

லூசியா என்ற பெயர் ஒளி என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதனால் அவரைக் கண்ணுக்குக் காவல் புனிதராகவும் கொள்கிறார்கள். படங்களில் ஒரு தட்டில் இரண்டு கண்களை ஏந்தி நிற்பார். கரும்பலகை எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு 'மக்கு' என்று பெயர் வைப்பதற்கு முன் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போவது நல்லது என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறோம்.

சிசிலித் தீவில் இந்த நாளைக் கொண்டாடும் விதம் வேறு. அங்கே பேச்சு விளக்கைப் பற்றியதல்ல; பசியைப் பற்றியது.

1646-இல் அந்தத் தீவில் கடும் பஞ்சம் வந்தது. மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். லூசியா திருநாளன்று கோதுமை ஏற்றிய கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். வந்தது எங்கள் துறைமுகம் என்பார்கள் சிராகூசா ஊரார். இல்லை, எங்களுடையது என்பார்கள் பலர்மோ ஊரார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. கோதுமையை மாவாக அரைத்து, பிசைந்து, ரொட்டி சுட்டுத் தின்பதுதான் அவர்கள் வழக்கம். ஆனால் பல நாள் பட்டினி கிடந்த வயிறு திரிகை சுற்றும் வரை பொறுக்குமா? கோதுமையை முழுசாகவே வேகவைத்து, எண்ணெய் ஊற்றித் தின்றார்கள்.

அந்த நினைவில் இன்றும் சிசிலியில் டிசம்பர் 13-ஆம் தேதி பல வீடுகளில் ரொட்டி இல்லை. மாவில் செய்த பண்டம் எதுவும் இல்லை. முழுக் கோதுமையை இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, மெல்லிய தீயில் வேகவைக்கிறார்கள். இதற்குக் 'குச்சியா' என்று பெயர். வெந்த கோதுமையோடு ரிக்கோத்தா என்னும் மென்மையான பாற்கட்டியும் சர்க்கரையோ தேனோ சேர்ப்பார்கள். சில ஊர்களில் கொண்டைக்கடலையோ அவரை விதையோ போட்டு உப்பாகச் செய்வதும் உண்டு. பலர்மோ வீடுகளில் அரிசிச் சோற்றை உருண்டை பிடித்து, உள்ளே கறி வைத்து எண்ணெயில் பொரிப்பார்கள். கோதுமை மாவு தொடக்கூடாது என்ற நாளில் அரிசி கைகொடுக்கிறது. பஞ்சத்தில் தின்றதைப் பண்டிகையில் தின்பது என்ற இந்த வழக்கம் நமக்கு மிகவும் பிடித்தது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று ஜப்பான்காரன் காலத்தைக் கழித்த தாத்தா பாட்டிமார் நம் வீடுகளில் இருந்தார்கள். நாம் அந்தக் கிழங்கை ஒரு நாளுக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

வட இத்தாலியில் வெரோனா, பெர்காமோ போன்ற ஊர்களில் லூசியா கழுதையோடு இரவில் வந்து பிள்ளைகளுக்குப் பண்டம் வைத்துவிட்டுப் போவதாக நம்பிக்கை. பிள்ளைகள் கழுதைக்கு ஏதாவது தின்ன வைத்துவிட்டுத் தூங்குவார்கள். குரோவாசியாவிலும் ஹங்கேரியிலும் அன்று ஒரு தட்டில் கோதுமையை விதைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். கிறிஸ்துமசுக்குள் பச்சைப்பசேலென்று முளைத்தால் அடுத்த ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்கும். மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்.

சிசிலிப் பெண் சுவீடனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள்? 16-ஆம் நூற்றாண்டில் சுவீடன் லுத்தரன் மதத்துக்கு மாறியது. புனிதர் வணக்கம் நின்றுபோயிற்று. ஆனாலும் நாட்காட்டியில் பெயர் இருந்தது. நீண்ட இரவு என்ற அச்சமும் இருந்தது. அன்றிரவு தீய சக்திகள் உலாவும், அதற்குள் கதிரடிப்பு வேலை முடிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் வடநாட்டுக் குடியானவர்கள் நம்பினார்கள். வெள்ளை உடையில் விளக்கோடு ஒரு பெண் வந்து விருந்தாளியை எழுப்பிக் காலை உணவு கொடுத்த செய்தி 1764-இல், மேற்குச் சுவீடனிலுள்ள ஒரு பண்ணை மாளிகையைப் பற்றிய குறிப்பில்தான் முதன்முதலாகக் காணப்படுகிறது. பெரிய மாளிகைகளில் தொடங்கிய வழக்கம் மெதுவாகச் சின்ன வீடுகளுக்கும் இறங்கி வந்தது. 1927-இல் ஸ்டாக்ஹோம் செய்தித்தாள் ஒன்று நகரத்துக்கு ஒரு லூசியாவைத் தேர்ந்தெடுக்கும் போட்டி நடத்தியது. அதற்குப் பிறகு நாடு முழுவதும் பரவிவிட்டது. பாட்டுக்கு மெட்டு, இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் படகுப் பாட்டிலிருந்து வந்தது. சொற்கள் சுவீடன்காரர்கள் எழுதியவை.

வீட்டு ஏற்பாட்டில் செலவு பிடிப்பது குங்குமப்பூ ஒன்றுதான். அங்கே கடைகளில் அரை கிராம் பொட்டலமாக விற்பார்கள். ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு லட்சத்துக்கு மேற்பட்ட பூக்களைக் கையால் பறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று இழைகளைக் கிள்ள வேண்டும்; விலை ஏன் அப்படி என்று புரியும். பால், வெண்ணெய், சர்க்கரை, ஈஸ்ட், கோதுமை மாவு இவற்றோடு குங்குமப்பூவைச் சேர்த்துப் பிசைந்து, பொங்க வைத்து, கயிறுபோல உருட்டி இரண்டு முனையையும் எதிரெதிராகச் சுருட்டுவார்கள். ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஓர் உலர்ந்த திராட்சை. 'லூசிப் பூனை' என்று இந்த ரொட்டிக்குப் பெயர். முதல் நாள் மாலையே பிள்ளைகள் மாவு உருட்ட உட்கார்ந்துவிடுவார்கள். மெழுகுத்திரி முடி சூட்டும்போது தலையில் ஈரத்துணி மடித்து வைப்பது பழைய தாய்மாரின் எச்சரிக்கை. முடியில் தீப்பிடித்த விபத்துகள் உண்டு. இப்போது பெரும்பாலான வீடுகளில் பேட்டரி விளக்குதான்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும்.

மூத்த பெண் விடியுமுன் எழுந்து காப்பி போடுவது நமக்கு ஒரு நாள் சடங்கல்ல. லயத்து வீடானாலும், தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய அடுக்குமாடி வீடானாலும், அம்மா வேலைக்குக் கிளம்பியபின் தம்பியை எழுப்புவதும், தங்கைக்குச் சடை பின்னுவதும், பசியாற எடுத்து வைப்பதும் பல இடங்களில் பத்து வயதுப் பெண்தான். முதல் பாடவேளையில் அவள் கொட்டாவி விடுகிறாள். தங்கைக்குக் காய்ச்சல் என்றால் அன்று வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரேதான் கோடு விழுகிறது. அண்ணன் பெயருக்கு நேரே விழுவதில்லை. ஆசிரியர்களாகிய நாம் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். எந்த வீட்டிலும் அவளுக்காக யாரும் பாடியதில்லை.

சுவீடன் திருநாளை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நமக்குக் கார்த்திகை இருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் இருக்கிறது. நமக்குப் பிடித்தது ஒரு விஷயம். அன்றாடம் யாரும் கவனிக்காத ஒரு வேலையை, எழுந்து காப்பி கொடுக்கும் வேலையை, அவர்கள் ஒரு நாளாவது முடிசூட்டி வைத்துப் பார்க்கிறார்கள். இன்னொன்று, அண்ணன் தம்பிகளும் அதில் இருக்கிறார்கள். உயரக் கூம்புத் தொப்பி போட்டு, கோலில் நட்சத்திரம் ஏந்தி 'நட்சத்திரப் பையன்'களாக நடக்கிறார்கள். ரொட்டி மாவிலும் அவர்கள் கை உண்டு. ஒரு நாள் முடி வைத்துவிட்டு மற்ற 364 நாளும் அவளையே அடுப்படிக்கு அனுப்பினால் அந்த முடியால் பயன் என்ன என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

முடி யார் தலைக்கு என்பதிலும் சச்சரவு வந்திருக்கிறது. வீட்டில் மூத்தவள் என்றால் சண்டையில்லை. ஊர்ப் போட்டி, பள்ளிப் போட்டி என்று வந்தபோது பொன்னிறக் கூந்தல், வெள்ளைத் தோல் உள்ள பெண்களையே தேர்ந்தெடுத்து வந்தார்கள். 2016-இல் அங்குள்ள ஒரு பெரிய கடை, கருநிறக் குழந்தை ஒன்றை லூசியா உடையில் விளம்பரத்தில் காட்டியது. இணையத்தில் கொட்டிய வசைமொழியால் விளம்பரத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அதைக் கண்டித்தும் சுவீடன் மக்கள் பலர் பேசினார்கள். சில பள்ளிகளில் இப்போது வாக்கெடுப்பை விட்டுச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். லூசியா பிறந்த சிசிலி, வெயில் காயும் தெற்குத் தீவு என்பதை அந்த வசைக்காரர்கள் மறந்துவிட்டார்கள். நம்மவர் பக்கமும் குறை இல்லாமலில்லை. அதே குங்குமப்பூவைப் பாலில் போட்டுக் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று கர்ப்பிணிக்கு வாங்கிக் கொடுக்கிறோம். அதில் உண்மை இல்லை. பிள்ளையின் நிறத்தைத் தாய் தகப்பனின் பரம்பரைக் கூறுகள் தீர்மானிக்கின்றன, பொட்டலம் தீர்மானிப்பதில்லை. அந்தக் காசுக்கு முட்டையும் கீரையும் வாங்கினால் தாய்க்காவது பலம் சேரும்.

ஸ்டாக்ஹோம் வீட்டில் காப்பி குடித்து முடிகிறது. தலையிலிருந்து வளையத்தை மெதுவாக எடுத்து மேசைமேல் வைக்கிறார்கள். மணி ஏழுதான், வெளியே இன்னும் நல்ல இருட்டு, பனி விழுந்திருந்தால் அதன் வெளுப்பு மட்டும் தெரியும். பிள்ளைகள் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். அங்கேயும் இன்று பாட்டு உண்டு. வெள்ளை அங்கியைத் துவைத்து மடித்து, சிவப்பு நாடாவோடு பெட்டியில் வைப்பார்கள். மூத்தவளுக்கு அது குட்டையாகும் ஆண்டில் இளையவள் எடுத்துப் போட்டுக்கொள்வாள்.